கடைசிச் சுற்றில் வைக்கும் கை

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி அடித்தால் பிரகதீஷ் வலது கால் செருப்பை மட்டும் கழற்றுவான். இடது கால் செருப்பு அப்படியே இருக்கும். ஸ்டீயரிங்கைப் பழைய லுங்கித் துணியால் துடைப்பான். ஒரு கமர்கட்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான், கடைசிச் சுற்றுவரை கடிக்கக் கூடாது. பச்சை விளக்கு விழுவதற்கு முன்னால் திரையில் இருக்கும் காரை ஒரு முழம் பின்னால் எடுப்பான், பின்னால் போகாதவன் முன்னால் போக மாட்டானாம். போட்டிக்கு வரும் சிவப்புக் காருக்கு ‘மாமா’ என்று பெயர். மாமாவை முந்தும்போது நாக்கு வெளியே வரும். வளைவு வந்தால் உடம்பு முழுக்கச் சாயும். மேடு வந்தால் நாற்காலியிலிருந்து எழும்பி உட்காருவான்.

கார் ரேஸ் விளையாடுகிற எல்லோருக்கும் இப்படி ஏதாவது கிறுக்கு உண்டு. ஆனால் பிரகதீஷின் கிறுக்குகளுக்கு ஒப்பந்தம் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட மாறக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் எழுதியே வாங்கியிருந்தார்கள்.

காரணம் ஆம்புலன்ஸ். டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ்கள் கோயமுத்தூருக்கு வந்த புதிதில் அவை ரொம்ப மரியாதை தெரிந்த வண்டிகளாக இருந்தன. மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்கு மனசு வரும்வரை நிற்கும். டவுன் பஸ் உறுமினால் ஒதுங்கும். கல்யாண ஊர்வலம் வந்தால் சொந்தக்காரன் மாதிரி பின்னாலேயே போகும். உள்ளே படுத்திருப்பவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். நம் ஊர் ரோட்டில் ஓட்ட நம் ஊர்க் கை வேண்டும் என்று ஒரு கம்பெனிக்குத் தோன்றியது. வீடியோ கேம் ரேஸில் மாநிலச் சாம்பியனாக இருந்த பிரகதீஷைப் பிடித்தார்கள். அவன் கை, கால், கண் எல்லாவற்றின் அசைவையும் அளந்து ஒரு நகல் எடுத்தார்கள். அந்த நகல்தான் ஊரில் இருக்கும் அத்தனை ஆம்புலன்ஸையும் ஓட்டியது. வாராவாரம் புதிதாகத் தோண்டிய குழி, புதிதாக வைத்த தடுப்பு, புதிதாக முளைத்த தள்ளுவண்டி எல்லாவற்றையும் அந்த விளையாட்டுக்குள் ஏற்றி அனுப்புவார்கள். சனிக்கிழமை அவன் அந்த ரோடுகளில் ரேஸ் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை அவன் கற்றது நகலுக்குப் போகும்.

இந்தச் சடங்குகளில் இரண்டு அவன் மனைவி வான்மதியின் பங்கு. ஒன்று, அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் சத்தம் கூடாது. இன்னொன்று, கடைசிச் சுற்றில் பின்னால் வந்து நின்று அவன் வலது தோளில் தன் வலது கையை வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில், ஒரு இறுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில், காபி வேண்டுமா என்று கேட்க அவள் அப்படிக் கை வைத்தாள். அவன் ஜெயித்துவிட்டான். அதோடு போச்சு. அவள் கை ஆறு வருடமாக அந்தத் தோளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் அவளுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மெஷினைப் பார்க்க வரும் இன்ஜினியர் ஷெரினிடம் ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ஏம்மா, செருப்பக் கழட்டறதுக்கும் வண்டி ஓட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதுதான்க்கா எங்களுக்கும் தெரியல” என்றாள் ஷெரின். “போன வருசம் ஆபீஸ்ல வச்சு ரெண்டு செருப்பையும் கழட்டச் சொல்லி ஓட்ட வச்சுப் பார்த்தோம். அந்த வாரம் நகல் ரெண்டு ஆஸ்பத்திரி கேட்டுல போய் உரசிருச்சு. சார் கிட்ட எது திறமை, எது பழக்கம்னு பிரிக்கவே முடியல. அரிசியில கல் பொறுக்கற மாதிரி பொறுக்கிடலாம்னு நினைச்சோம். எது கல், எது அரிசின்னே தெரியலையே.”

“அப்ப நான் கை வைக்கறது?”

“அது அரிசியாவே இருந்துட்டா என்னக்கா பண்றது? எதையும் மாத்தாதீங்க.”

அன்றிலிருந்து வான்மதி மாற்றவில்லை. தங்கை கல்யாணம் சனிக்கிழமை வந்தது, முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல்கூட ஓடி வந்தாள். நூற்று நாலு டிகிரி காய்ச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கை வைத்தாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள், “உங்க வீட்டுக்காரர் போறாரு” என்பார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

போன மார்கழியில்தான் அந்தத் தப்பு நடந்தது. பருப்பு வேகட்டும் என்று குக்கரை வைத்தவள் மணியைக் கவனிக்கவில்லை. நாலரை மணிக்குக் குக்கர் வீடே அதிரும்படி விசில் அடித்தது. அவள் பாய்ந்துபோய் அடுப்பை அணைப்பதற்குள் இன்னொன்றும் அடித்தது. முன்னறையில் பிரகதீஷ் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்ததை அவள் சமையலறையிலிருந்தே பார்த்தாள்.

திங்கட்கிழமை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ், புதிதாக வைத்த தடுப்பு ஒன்றின் முன்னால் தயங்கி நின்றது. பிறகு தப்பான சந்துக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு போனது. உள்ளே நெஞ்சு வலியோடு இருந்த மாரப்பன் என்பவர் ஆஸ்பத்திரி வாசலில் இறந்தார். செய்தியில் அவர் படத்தைப் போட்டார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, படம் எடுக்கிறார்களே என்ற கூச்சத்தோடு சிரிக்கிற முகம்.

வான்மதி அந்த முகத்தோடுதான் அதற்குப் பிறகு குடித்தனம் நடத்தினாள். படுத்தால் தூக்கம் வராது. பதினாறாம் நாள் காரியத்துக்கு, யார் என்றே சொல்லாமல் சிங்காநல்லூரில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனாள். சொந்தம் என்று நினைத்து மாரப்பனின் மனைவி அவளைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லை. பின்கட்டில் குவிந்திருந்த பாத்திரங்களை உட்கார்ந்து கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் படித்தது உடற்கல்வி. கபடியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். சிவகங்கையில் பெண்களுக்கான விளையாட்டு விடுதியில் கபடி கோச் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மார்கழிக்கு முன்பு கூப்பிட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மார்கழிக்குப் பிறகு கூப்பிட்டபோது முடியாது என்றாள். இப்போது ஆனி மாதம். மூன்றாம் முறையாகக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது பேச்சை எடுத்தாள். “சிவகங்கையிலிருந்து திரும்பவும் கூப்ட்டாங்க. அங்கயே தங்கோணும். சனி ஞாயிறுதான் மேட்ச் எல்லாம் இருக்குமாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லோணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க.”

பிரகதீஷ் ரசத்தை ஊற்றிப் பிசைந்தான். “போகோணும்னா போ புள்ள. நான் என்ன தடுக்கவா போறேன்?” என்றான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, “அங்க கோச்சுக்கு வேற ஆளு கிடைச்சிரும். இங்க உன்ற கைக்கு வேற கை கிடைக்குமா?” என்றான்.

அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான். அதட்டினால் திருப்பி அதட்டலாம். மெதுவாகப் பேசுகிறவனை என்ன செய்வது? அவளுக்கு உடனே ஸ்வெட்டர் போட்ட அந்த முகம் வந்துவிட்டது. இன்னொரு மாரப்பனை உண்டாக்கிவிட்டு யாருக்குக் கபடி சொல்லித்தருவது? வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் அழுகை வந்தது. மோர் எடுத்துவரும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. போனைச் சத்தம் வராமல் அமுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிரகதீஷ் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து கமர்கட்டை ஒதுக்கினான். கார் ஒரு முழம் பின்னால் போய், பிறகு சீறிக் கிளம்பியது.

ஆனி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்துவிட்டால் கோயமுத்தூரில் எந்தக் கதவும் யார் பேச்சையும் கேட்காது. அன்றைக்குப் பின்கதவின் கொக்கி கழன்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது கதவு முதலில் அகலத் திறந்தது. பிறகு ஒரு பெரிய காற்று வந்து அதை அப்படியே தூக்கி அடித்தது. விளிம்பைப் பிடிக்க நேரமில்லை. கபடி ஆடியவள், யோசிப்பதற்குள் உடம்பு பாய்ந்துவிடும். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வலது கையைக் கொடுத்தாள்.

வலி தோள்வரைக்கும் ஏறியது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆறு வருடத்தில் தொண்டைக்கும் பழக்கமாகியிருந்தது. அந்த நிலையிலும் அவள் நினைத்தது, நல்லவேளை, கதவு சத்தம் போடவில்லை என்பதுதான். இடது கையால் கதவைத் திறந்து கையை எடுத்தாள். இரண்டு விரல்களின் நகங்கள் கறுத்துப்போய் ஓரத்தில் ரத்தம் வழிந்தது.

முன்னறையில் கார் காந்திபுரம் மேம்பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. கடைசிச் சுற்று. கையில் சுற்றத் துணி தேட நேரமில்லை. இடது கையை வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வலது கைதான் வைக்க வேண்டும். நடந்துபோய் அவன் பின்னால் நின்று, அந்தக் கையை அவன் தோளில் வைத்தாள்.

வெள்ளைப் பனியனில் ரத்தம் பரவியது. பிரகதீஷ் கழுத்தைத் திருப்பித் தோளைப் பார்த்தான். பார்த்தவன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டான். இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“என்ன புள்ள இது? எப்படி ஆச்சு?”

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் குரலை அவள் கேட்டதே இல்லை. வலியைவிட அது அவளைப் பயமுறுத்தியது. இடது கையை அவன் நெஞ்சில் வைத்து நாற்காலிப் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க” என்று காற்றுக் குரலில் கெஞ்சினாள். “உக்காந்து ஓட்டுங்க. யாராச்சும் செத்துப்போயிருவாங்க.”

“அது ஓடும். நீ வா, தண்ணில கையக் காட்டு.”

வான்மதி திரையைப் பார்த்தாள். மேஜையில் ஸ்டீயரிங் அசையாமல் இருந்தது. திரையில் கார் மேம்பாலத்திலிருந்து இறங்கியது. எதிரே வந்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல் நுழைந்தது. வளைவுக்கு முன்னால் பிரகதீஷ் எப்போதும் செய்கிற மாதிரியே கொஞ்சம் இடது பக்கம் போய்விட்டு வலது பக்கம் திரும்பியது. மாமாவை முந்தியது.

அவன் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கையை அதன் கீழே வைத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவன் விரல்கள் நடுங்கின. பயத்தில் நடுங்குகிறான் என்று முதலில் நினைத்தாள். பயத்துக்கு அப்படி ஒரே சீராக நடுங்கத் தெரியாது. கொஞ்ச நாளாக அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதும், கேட்டபோது குளிர் என்று சொன்னதும் ஞாபகம் வந்தன. சித்திரை வெயிலிலும் அவன் அப்படித்தான் குடித்தான்.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“போன ஆடியிலேர்ந்து.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. கையில நடுக்கம் வந்திருக்கு சார், இனிமே நீங்க ஓட்ட வேண்டாம், நகல் தானா ஓட்டித் தானாப் படிச்சுக்கும்னு ஷெரின் சொல்லிட்டுப் போயிருச்சு. நாந்தான் அதுகிட்டக் கெஞ்சுனேன். நகலக் கொண்டாந்து இந்த மெஷின்ல போட்டுவிடு, வீட்ல ஒண்ணும் சொல்லாதன்னு.”

“எதுக்கு?”

“ஆம்புலன்ஸ் போனா தெருவுல எல்லாரும், நீ போறப்பா நீ போறப்பான்னு கையாட்டறாங்க. அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? அதுவுமில்லாம, தெரிஞ்சா நீயும் சிவகங்கைக்குக் கெளம்பிருவ.”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது ஆறக்கூடிய கோபம்தான். கை போன மனுஷன், பேரும் போய்விடுமே என்று பயந்திருக்கிறான், பெண்டாட்டியும் போய்விடுவாளே என்று பயந்திருக்கிறான். செருப்பையும் கமர்கட்டையும் வைத்து ஒரு வருடமாகப் பொம்மை ஸ்டீயரிங்கைச் சுற்றியிருக்கிறான். பாவம் என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மனசு தன் பாட்டில் கணக்குப் போட்டது. ஆடிக்குப் பிறகுதானே மார்கழி.

“அப்ப மாரப்பன்?”

பிரகதீஷ் குழாயையே பார்த்தான்.

“அந்தக் குக்கர் சத்தம் எங்கயும் போகலையா?”

“போகல.”

“எனக்குத் தூக்கம் வராம உக்காந்து அழுதனே. நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீங்க.”

“ஆமா.”

“பதினாறாம் நாளுக்கு நீங்கதான என்னை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனீங்க. நான் உள்ள இருந்தேன். நீங்க தெரு முக்குல நின்னுட்டிருந்தீங்க.”

அவன் குழாயை மூடினான். அலமாரியிலிருந்து ஒரு துவைத்த துணியை எடுத்து அவள் விரல்களில் சுற்றப் பார்த்தான். கை நடுக்கத்தில் முடிச்சு விழவில்லை. அவள் துணியை வாங்கிப் பல்லால் கடித்துத் தானே கட்டிக்கொண்டாள்.

“அந்த நகல் என்ற நகல்தான, வான்மதி” என்றான். “அது எங்க தயங்குச்சோ அங்க நானுந்தான் தயங்கியிருப்பேன். நியூஸ் பாத்ததும் நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரியே நீ வந்து, என்னால, என்ற குக்கராலன்னு அழுத. அப்ப எனக்கு...” நிறுத்தினான். “கொஞ்சம் லேசா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

வான்மதிக்கு அவனுடைய பொய்கூட இப்படி வலிக்கவில்லை. இந்த உண்மை கதவைவிட மோசமாக நசுக்கியது. தான் தூக்கமில்லாமல் கிடந்த ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் ஒருவன் அதனாலேயே தூங்கியிருக்கிறான். அவள் சுமந்த பாரம் அவளுடையது இல்லை. அது யாருடையதோ அவனே அதை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, கூடவே ஸ்கூட்டரும் ஓட்டியிருக்கிறான். அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அறைகிற கைதான் சரியாக இல்லை.

முன்னறையில் ரேஸ் முடிந்து திரையில் கூட்டம் ஆரவாரம் செய்தது. நகல் ஜெயித்துவிட்டது.

இடுப்பில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தாள். சிவகங்கை. மணி இன்னும் ஐந்தாகவில்லை. அவள் பேச வாயைத் திறந்ததும் பிரகதீஷ் தன்னையறியாமல் உதட்டில் விரலை வைத்தான். அவள் அந்த விரலைப் பார்த்தாள். அவனும் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினான்.

“சொல்லுங்க மேடம். வர்றேனுங்க” என்றாள். “இல்லீங்க, நாளைக்கு முடியாது. நாளைக்கு ஒரு வேலை இருக்குதுங்க. திங்கக்கிழமை காத்தால அங்க இருப்பேன். ஆமாங்க, இந்தத் தடவ கண்டிப்பா.”

போனை வைத்தாள். பிரகதீஷ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். “கைக்கு டாக்டரப் பாக்கலாம், வா” என்றான்.

“பக்கத்துக் கிளினிக்குக்கு நான் நடந்து போய்க்கறேன்.”

“நாளைக்கு என்ன வேலை?”

“சிங்காநல்லூர் போகோணும். காத்தால ஸ்கூட்டர எடுங்க. முடியலைன்னா ஆட்டோ சொல்லுங்க.” கட்டிய துணியில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். “இந்தத் தடவ நான் முக்குல நின்னுக்கறேன். நீங்க உள்ள போங்க.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். “உள்ள போயி நான் என்ன புள்ள சொல்றது?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் வான்மதி. “என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் நான் பாத்திரத்த எடுத்துக் கழுவுனேன்.”